தோல் பதனிடும் ஆலைத் தொட்டிகளுக்கான முதுகுத்தகட்டு மூச்சுக்கருவி

முதுகுத்தகட்டு மூச்சுக்கருவி என்பது, அழுத்தப்பட்ட காற்று அடைத்த உருளையை (சிலிண்டர்) ஒரு தகட்டில் பூட்டி முதுகில் சுமந்துகொண்டு, முகம் முழுவதையும் மூடும் முகமூடியின் வழியாக அக்காற்றைச் சுவாசிக்க உதவும் கருவித் தொகுதி ஆகும். தீயணைப்பு வீரர்கள் புகைக்குள் நுழையும்போது அணிவது இதுவே. கடலில் முக்குளிப்போர் அணியும் ஸ்கூபா தொகுதியும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் நகரங்களில் இக்கருவிக்குத் தனித் தேவை உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலும், அவற்றை இணைக்கும் குழிகளிலும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் சேகரிப்புத் தொட்டிகளிலும் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயு உருவாகிறது. சேறு அள்ளவோ அடைப்பு எடுக்கவோ இறங்குபவர் ஓரிரு நிமிடங்களில் மயங்கி விழக்கூடும். அவரைத் தூக்க இறங்கியவரும், அந்த இரண்டாமவரைத் தேடி இறங்கிய மூன்றாமவரும் அடுத்தடுத்து இறப்பது உலகெங்கும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கு. 2025 பிப்ரவரி 2 அன்று கொல்கத்தாவின் பாண்டலா தோல் வளாகத்தில் ஓர் ஆள்நுழை குழியில் 3 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

எனவே இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இறங்குபவரை மட்டும் கணக்கில் கொண்டால் போதாது. மேலே நிற்பவருக்கும் ஒரு தொகுதி இருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

முக்குளிப்புக் கருவியுடன் உறவு

தேவைக்கேற்பக் காற்றுத் தரும் வால்வு முதலில் கடலுக்காகச் செய்யப்பட்டதன்று. பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் பெனுவா ருக்கெரோல், கெட்ட காற்று நிரம்பிய சுரங்கங்களில் சிக்கியோரை மீட்பதற்காக அத்தகைய ஒழுங்கியை உருவாக்கி 1860இல் காப்புரிமை பெற்றார். கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனெரூசு அவருடன் சேர்ந்தபின், 1864 அளவில் அதே கருவி நீருக்கடியில் பயன்படும் வகையில் மாற்றப்பட்டது. காற்றுக் கலன் அப்போதே முதுகில்தான் இருந்தது. 1943இல் சாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் உருவாக்கிய அக்குவாலங்கு கருவியே இன்றைய பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு அடிப்படை. அந்த வகையில், ஆம்பூர் ஆலைத் தொட்டியில் பயன்படும் மூச்சுக்கருவி முக்குளிப்பிலிருந்து கடன் வாங்கியது என்பதைவிட, முக்குளிப்புதான் நிலத்தடிக் குழியிலிருந்து கடன் வாங்கியது என்பது பொருத்தம்.

பின்னர் இரண்டும் வெவ்வேறு வழியில் வளர்ந்தன. அமெரிக்காவின் புளோரிடா குகை முக்குளிப்பாளர்களிடையே பரவிய முதுகுத்தகடும் சிறகும் சேர்ந்த அமைப்பில், தகடு எஃகாலோ அலுமினியத்தாலோ ஆனது. சிறகு என்பது தகட்டுக்கும் உருளைக்கும் இடையில் இருக்கும் காற்றுப்பை. எஃகுத் தகட்டின் இரண்டு மூன்று கிலோ எடை அங்கே நன்மை, ஏனெனில் இடுப்பில் கட்டவேண்டிய ஈயக்கட்டிகளை அது குறைக்கிறது. நிலத்தில் மிதப்பு இல்லை. ஒவ்வொரு கிலோவும் சுமை. ஆகவே நிலத்துக்கான தகடு கண்ணாடியிழையோ கரியிழையோ கலந்த நெகிழியில் வார்க்கப்படுகிறது, சிறகு இல்லை. முக்குளிப்பில் உருளையின் வால்வு பிடரிக்குப் பின்னால் இருக்கும். நிலத்துத் தொகுதியில் உருளை தலைகீழாகப் பூட்டப்பட்டு வால்வு இடுப்பருகே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

ஸ்கூபா தொகுதியையே தொட்டிக்குள் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் தோன்றலாம். பயன்படுத்தக் கூடாது. பொழுதுபோக்கு முக்குளிப்பில் பல்லால் கடிக்கும் வாய்த்துண்டு வழியாகவே காற்று வருகிறது. மயங்கியவுடன் வாய் திறந்து அது நழுவிவிடும். மேலும் அதன் வால்வு, உள்ளிழுக்கும்போது உண்டாகும் சிறு அழுத்தக் குறைவால் திறக்கிறது. நிலத்துக்கான நல்ல தொகுதியிலோ முகமூடிக்குள் அழுத்தம் எப்போதும் வெளியைவிடச் சில மில்லிபார் கூடுதலாக இருக்கும். விளிம்பில் சிறு இடைவெளி ஏற்பட்டாலும் நல்ல காற்று வெளியே கசியுமே தவிர, நச்சு வாயு உள்ளே வராது. வாங்கும்போது 'நேர் அழுத்த வகை' என்று உறுதி செய்துகொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

தொட்டிக்குள் உருவாகும் வாயு

பச்சைத் தோலில் உள்ள மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்த கரைசலில் தோல் ஊறவைக்கப்படுகிறது. அக்கரைசல் கடும் காரத்தன்மை உடையது. பிஎச் அளவு 12ஐ ஒட்டியிருக்கும். அந்த நிலையில் சல்பைடு நீரில் கரைந்தே கிடக்கும், வாயுவாக எழாது. அடுத்த கட்டங்களில், உப்பும் கந்தக அமிலமும் சேர்த்த அமில ஊறலுக்கும் குரோமியப் பதனிடலுக்கும் தோல் உட்படுகிறது. அங்கிருந்து வரும் கழிவு அமிலத்தன்மை கொண்டது. இவ்விரு கழிவுகளும் ஒரே குழியில் கலந்தால் பிஎச் அளவு சரிந்து, கரைந்திருந்த சல்பைடு ஐதரசன் சல்பைடு வாயுவாகக் கொப்பளித்து எழும். பிஎச் 7 அளவில் கரைந்த சல்பைடில் ஏறக்குறைய பாதி இந்த வடிவத்தில் இருக்கும்.

இது கலப்பினால் வரும் ஆபத்து. மற்றொன்று தேக்கத்தினால் வருவது. தொட்டியின் அடியில் படியும் சேற்றில் மயிர், சதைத் துணுக்கு, கொழுப்பு ஆகியவற்றுடன் சல்பேட்டும் இருக்கிறது. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. வாயு சேற்றுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். மேலிருந்து அளந்தால் அளவி அமைதியாக இருக்கும். இறங்கியவர் சேற்றில் கால் வைத்தவுடன், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் வாயு வெளியேறும். ஆட்கள் இறங்கும்வரை பாதுகாப்பாகத் தோன்றிய தொட்டி, அவர்கள் வேலையைத் தொடங்கியதாலேயே ஆபத்தானதாக மாறுகிறது. தோல் ஆலைத் தொட்டியில் இதுவே மிக வஞ்சகமான கூறு.

ஐதரசன் சல்பைடு காற்றைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே குழியின் அடியில் தங்கும். மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் 100 பிபிஎம் அளவைத் தாண்டும்போது மூக்கின் மோப்ப நரம்பு செயலிழந்து நாற்றமே தெரியாமல் போகிறது. 'வாடை போய்விட்டது, இனி இறங்கலாம்' என்ற முடிவு பல உயிர்களைக் குடித்திருக்கிறது. 500 பிபிஎம் அளவுக்கு மேல் நினைவிழப்பும், 1,000 பிபிஎம் அளவில் ஒன்றிரண்டு மூச்சிலேயே சரிவும் ஏற்படலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக 100 பிபிஎம் என வரையறுத்துள்ளது. இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை, 8 மணி நேர வேலைக்கு 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15 பிபிஎம் என வரம்பு இட்டது.

பாலாற்றங்கரையில் இத்தகைய மூடிய குழிகள் பெருகியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஆலைக் கழிவு ஆற்றிலும் வயலிலும் திறந்துவிடப்பட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலை இயங்க முடியாது என்ற நிலை உருவாகியது. ஆற்றைக் காக்க அது இன்றியமையாத தீர்ப்பு. ஆனால் முன்பு திறந்த வாய்க்காலில் ஓடிய கழிவு இப்போது குழாய், சேகரிப்புக் குழி, சமன்தொட்டி, சேற்றுத்தொட்டி என மூடிய இடங்களில் பயணிக்கிறது. அவற்றைத் துப்புரவு செய்யும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளிடம், குறிப்பாகப் பட்டியல் சாதியினரிடமும் வடமாநிலத்திலிருந்து வந்தோரிடமும் விடப்படுகிறது.

விளக்கு, ஈரத்துண்டு, வடிகட்டி முகமூடி

கிணறு தூர்வாருவோர் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். வெறும் கிணற்றில் கரியமில வாயு தேங்கியிருந்தால் இந்தச் சோதனைக்கு ஓரளவு பொருள் உண்டு; ஆக்சிசன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது சுடர் அணையும். தோல் ஆலைத் தொட்டியில் இதற்குப் பயனில்லை. 1,000 பிபிஎம் என்பது காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவு ஐதரசன் சல்பைடு கலந்தாலும் ஆக்சிசன் 20.9 விழுக்காட்டிலிருந்து 20.88 ஆகவே குறையும். சுடர் அசையாமல் நின்று எரியும், இறங்கியவர் இறந்துவிடுவார். வாயு செறிந்த குழியானால் சுடரே தீவிபத்துக்கும் காரணமாகலாம், ஏனெனில் இது எரியக்கூடிய வாயு.

மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொள்வதால் தடுக்கப்படுவது ஏதுமில்லை. துணிச்சலைக் கூட்டுவதால் அது துண்டில்லாமல் இறங்குவதைவிடக் கெடுதல் எனலாம். வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடிகள் திறந்த வெளியில், குறைந்த செறிவில் உதவும். அவை காற்றைச் சலித்துத் தருமே தவிர ஆக்சிசனை உண்டாக்கா; செறிவு திடீரென ஏறினால் குப்பி நிறைந்துபோகும். தொட்டிக்குள் இறங்க அவை ஒருபோதும் உரியவை அல்ல. மருத்துவ ஆக்சிசன் உருளையிலிருந்து ஒரு குழாயைத் தொட்டிக்குள் விடுவதும் தவறு. ஆக்சிசன் செறிந்த காற்றில் எண்ணெய் படிந்த துணிகூடப் பொறி பட்டதும் பற்றி எரியும்.

எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, முதுகில் சுமக்கும் நேர் அழுத்த மூச்சுக்கருவி. மற்றொன்று, மேலே வைத்த பெரிய உருளைகளிலிருந்தோ தூய காற்று அமுக்கியிலிருந்தோ நீண்ட குழாய் வழியாகக் காற்று பெறும் குழாய்வழி மூச்சுக்கருவி. இதில் இடுப்பில் ஒரு சிறிய தப்பிப்பு உருளையும் இருந்தாக வேண்டும்.

துளையும் தகடும்

கருவிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தொட்டியின் வாயை அளப்பது நல்லது. பழைய சேகரிப்புக் குழிகளில் ஆள்நுழை துளை 45 முதல் 60 செ.மீ. அகலமே இருப்பதுண்டு. முதுகில் தகடும் உருளையும் சுமந்த ஒருவரின் மார்பு முதல் உருளையின் வெளிவிளிம்பு வரையிலான தடிமன், வெறும் உடலின் தடிமனைவிடப் பெரிதும் கூடுதல். 60 செ.மீ. துளையில் நெருக்கிப் பிடித்து இறங்கலாம். 45 செ.மீ. துளையில் பெரும்பாலோரால் இயலாது.

அப்படிப்பட்ட இடங்களில் நடக்கும் மிக ஆபத்தான செயல், முகமூடியை மட்டும் அணிந்துகொண்டு தகட்டைக் கழற்றி, மற்றொருவர் அதைக் கயிற்றில் தொங்கவிட, உள்ளே போனபின் மாட்டிக்கொள்வது. தகடு நழுவினால் அதன் எடை முழுவதும் முகமூடியை இழுக்கும். துளை சிறியதென்றால் முதுகுத் தொகுதி அந்த இடத்துக்கு ஏற்றதன்று. குழாய்வழிக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது துளையைப் பெரிதாக்க வேண்டும். தொட்டியின் கூரைப் பலகையை உடைத்து 75 செ.மீ. வாய் அமைக்கும் கொத்தனார் கூலி, ஒரு மூச்சுக்கருவியின் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகை. இந்த எளிய கணக்கு பெரும்பாலும் போடப்படுவதில்லை.

அடுத்தது, தகட்டுக்கும் மீட்புக் கச்சைக்கும் உள்ள மோதல். தொட்டிக்குள் இறங்குபவர் முழு உடற்கச்சை அணிந்து, மேலே முக்காலியில் பொருத்திய சுழல்சக்கரத்தின் கம்பி வடத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வழக்கமான கச்சையில் வடத்தை மாட்டும் வளையம் தோள்களுக்கு நடுவே முதுகில் இருக்கும். மூச்சுக்கருவியின் தகடு சரியாக அந்த வளையத்தின்மேல் உட்கார்ந்து அதை மறைத்துவிடும். தனித்தனியே வாங்கிய இரு நல்ல பொருட்கள் சேரும்போது பயனற்றுப் போவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. தோள்பட்டைகளின் மேல் இணைப்புக் கண்ணிகள் உள்ள கச்சையையோ, வளையத்தைத் தகட்டுக்கு மேலே கொண்டுவரும் நீட்டிப்புப் பட்டையையோ, கச்சையும் தகடும் ஒன்றாகத் தைக்கப்பட்ட தொகுதியையோ தேர்வு செய்யலாம். தோளில் இணைப்பு உள்ள வகை மயங்கிய உடலை நிமிர்ந்த நிலையில் தூக்குவதால் குறுகிய துளைக்கு அதுவே ஏற்றது. வாங்கும் முன்னரே, விற்பவர் முன்னிலையில், ஒருவருக்கு முழுத் தொகுதியையும் அணிவித்து அதே அகலத் துளையில் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கும்போது உருளையின் அடி விளிம்பில் தட்டிச் சிக்குகிறதா என்பது பட்டியல் நூலில் இருக்காது.

தகட்டைப் பொறுத்தவரை சிறப்பாகச் சொல்ல அதிகமில்லை. எடை தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும். குட்டையானவருக்கும் உயரமானவருக்கும் பொருந்தும்படி முதுகு நீளம் மாற்றத்தக்கதாக இருந்தால் நல்லது. பட்டைகள் சுண்ணாம்புச் சேற்றை உறிஞ்சாத, கழுவத்தக்க பொருளாக இருக்க வேண்டும்.

உருளையும் காற்றுக் கணக்கும்

300 பார் அழுத்தத்தில் நிரப்பப்படும் 6 லிட்டர் எஃகு உருளையும், 6.8 லிட்டர் கரியிழைக் கலப்பு உருளையும் பரவலாகக் கிடைப்பவை. எஃகு வகையில் முழுத் தொகுதியின் எடை சுமார் 15 கிலோவும், கலப்பு வகையில் சுமார் 10 கிலோவும் வரும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூர் வெயிலில், மூடிய உடையுடன் ஏணியில் ஏறி இறங்குபவருக்கு இந்த 5 கிலோ வேறுபாடு பெரிது. சோர்ந்தவர் கூடுதலாக மூச்சு வாங்குவார். காற்று விரைவில் தீரும். எஃகு விலை குறைவு, இடி தாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். கலப்பு உருளையின் மேலிழைகள் கான்கிரீட் விளிம்பில் உரசி ஆழமாக வெட்டுப்பட்டால் அதைப் பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும். பலவற்றுக்கு 15 ஆண்டு ஆயுள் வரம்பும் உண்டு.

விற்பனைத் தாளில் '45 நிமிட உருளை' என்று இருப்பதை அப்படியே நம்பக் கூடாது. 6.8 லிட்டரை 300ஆல் பெருக்கினால் 2,040 லிட்டர். உயர் அழுத்தத்தில் காற்று எளிய விதிப்படி அமுங்காததால் உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 1,850 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கொண்டால் 46 நிமிடம் வரும். ஆனால் சேறு அள்ளும் கடின உழைப்பில் 60 லிட்டர் எளிதாகச் செலவாகும். அப்போது மொத்தம் 30 நிமிடம்தான். அழுத்தம் சுமார் 55 பாருக்கு இறங்கும்போது எச்சரிக்கை ஊதல் ஒலிக்கும். அந்நேரம் மீதமிருப்பது 374 லிட்டர், அதாவது 6 நிமிடத்துக்குச் சற்று அதிகம். தொட்டிக்குள் நடந்து, ஏணியைக் கண்டு, துளையில் நுழைந்து வெளியேற 6 நிமிடம் போதும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே ஊதலை நம்பி வேலை செய்யலாம்.

குகை முக்குளிப்பாளர்களிடம் ஒரு விதி உண்டு: காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு இருப்பு. தொட்டி வேலைக்கும் இதையே கைக்கொள்ளலாம். 300 பாரில் இறங்கியவர் 200 பாரில் திரும்பத் தொடங்கினால், மேலே வரும்போது 100 பார் மீதமிருக்கும். வேலை நேரம் 10 நிமிடமாகக் குறைந்துவிடுகிறதே என்ற மேலாளரின் குறைக்கு விடை, ஆளை இறக்காமலே சேற்றை உறிஞ்சும் எந்திரத்தை வரவழைப்பதுதான்.

முகமூடியும் முகமும்

முகமூடியின் ரப்பர் விளிம்பு மழித்த தோலில் படிந்தால்தான் காப்பு. தாடி, அடர்ந்த கிருதா, கண்ணாடியின் காதுக்கம்பி ஆகிய எதுவும் அதன் குறுக்கே வரக் கூடாது. நேர் அழுத்த வகையிலும் தாடியின் வழியாகக் காற்று ஓயாமல் கசிந்து உருளை விரைவில் காலியாகும். ஆழ்ந்து இழுக்கும் நொடியில் உள்ளழுத்தம் சரிந்து வாயு புகவும் கூடும். ஆம்பூர், மேல்விசாரம் பகுதிகளில் சமய வழக்கமாகத் தாடி வைத்திருக்கும் தொழிலாளர் பலர். கார்த்திகை மாதத்தில் சபரிமலைக்கு மாலையிட்டு மழிக்காதவரும் உண்டு. இவர்களைத் தாடியை எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. இறங்கவும் விடக் கூடாது. சுழல்சக்கரத்தைக் கவனிப்பது, அளவியைப் படிப்பது, நேரம் குறிப்பது ஆகிய மேல்பணிகளை அவர்களுக்கு ஒதுக்கலாம். தளர்வான தலையுறை வகைக் கருவிகள் தாடியுடன் அணியத்தக்கவை என்றாலும் உயிருக்கு உடனடி ஆபத்துள்ள இடத்துக்கு அவை ஏற்கப்படுவதில்லை.

முகங்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு மாதிரி முகமூடியை மட்டும் வாங்கி அனைவருக்கும் மாட்டிவிடாமல், இரண்டு மூன்று அளவுகளில் வாங்கி, யாருக்கு எது என்று முன்கூட்டியே பொருத்திப் பார்த்துப் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாம் தொகுதி

ஒரே ஒரு தொகுதி மட்டும் உள்ள ஆலையில் நடப்பது இது: அதை அணிந்தவர் உள்ளே இருக்கிறார், அவருக்கு ஏதோ நேர்கிறது, மேலே நிற்பவரிடம் எதுவுமில்லை. உள்ளே இருப்பவர் பெரும்பாலும் அண்ணன், மைத்துனன், ஒரே ஊர்க்காரர். 'நில்' என்று சொல்லி எவரையும் நிறுத்த முடியாது. மூளை ஆக்சிசனின்றித் தாங்குவது நான்கைந்து நிமிடம். தீயணைப்பு வண்டி அதற்குள் வந்து சேரும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே குறைந்தது இரண்டு தொகுதிகளும், முக்காலியும், சுழல்சக்கரமும், வாயு அளவியும் சேர்ந்ததையே ஒரு 'தொகுதி' எனக் கொள்ள வேண்டும். விலை உயர்ந்த ஒற்றைக் கருவியைவிட நடுத்தர விலையில் இரண்டு சிறந்தவை. வடத்தோடு இணைக்கப்பட்டவரை மேலிருந்தே தூக்கிவிட முடிந்தால், இரண்டாமவர் இறங்கவே வேண்டியதில்லை என்பது இன்னும் சிறப்பு.

சிறு ஆலைகளால் இதை வாங்க இயலாது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இப்பகுதி ஆலைகள் கழிவுநீருக்காக ஏற்கெனவே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உறுப்பினர்களாக உள்ளன. தொகுதிகளை அந்நிலையத்தில் பயிற்சி பெற்ற குழுவுடன் வைத்து, உறுப்பு ஆலையில் எந்தத் தொட்டி திறந்தாலும் அக்குழுவே வரவேண்டும் என்று விதித்தால் செலவு பகிரப்படும்.

வாயு அளவி ஆக்சிசன், எரிவாயு, கரியோரொக்சைடு, ஐதரசன் சல்பைடு ஆகிய நான்கையும் காட்டுவதாக இருக்க வேண்டும். குழாயை இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில் அளந்தபின், நீண்ட கழியால் சேற்றைக் கிளறிவிட்டு மீண்டும் அளப்பது தோல் ஆலைத் தொட்டிக்குக் கட்டாயம்.

காற்று நிரப்புதலும் காப்பும்

உருளையை எங்கே நிரப்புவது என்பது வாங்கும் நாளிலேயே தீர்க்கவேண்டிய கேள்வி. ஆலையில் தோலுக்குச் சாயம் தெளிக்கப் பயன்படும் காற்று அமுக்கி 300 பாருக்கு எட்டாது. அதன் காற்றில் எண்ணெய்த் துளியும் கரியோரொக்சைடும் இருக்கலாம். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் கரியோரொக்சைடை 5 பிபிஎம் அளவுக்குள்ளும், எண்ணெயை ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள்ளும் வரையறுக்கிறது. ஆம்பூரிலிருந்து சென்னை சுமார் 180 கி.மீ. தொலைவு. நிரப்ப அங்கே அனுப்புவதென்றால் மாற்று உருளைகள் கையிருப்பில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பயிற்சிக்குப் பின் கருவி காலியாகவே தொங்கும்.

உருளைகள் 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை. குறித்த காலத்துக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனை தேவை. முழுத் தொகுதிக்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 10245, இரண்டாம் பகுதி. பயன்படுத்தியபின் சுண்ணாம்புச் சேற்றை மென்மையான சோப்பு நீரால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கருவியைத் தொட்டிக்கு அருகில், பூட்டாத பெட்டியில் வைப்பதே முறை. சாவி மேலாளர் வீட்டில் இருந்தால் கருவி இல்லாததற்குச் சமம். பயிற்சிக் குறிப்புகள் தமிழில் மட்டுமன்றி உருது, இந்தி, வங்காள மொழிகளிலும் இருந்தால்தான் உண்மையில் இறங்குவோருக்குப் புரியும்.

சட்ட நிலை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவில் இதற்கான விதியை வகுத்தது. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடத்தில் போதிய அளவுள்ள ஆள்நுழை துளையோ வெளியேற வேறு தக்க வழியோ இல்லாவிட்டால் எவரும் நுழையக் கூடாது. இடம் பாதுகாப்பானது எனத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது நுழைபவர் தக்க மூச்சுக்கருவியும், மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைந்த பட்டையும் அணிந்திருக்க வேண்டும். துளை, கருவி, கயிறு, மேலே ஓர் ஆள் என நான்கையும் அந்தப் பழைய பிரிவே சொல்லிவிட்டது.

கழிவுநீர்ச் சாக்கடைகளிலும் மலத்தொட்டிகளிலும் பாதுகாப்பின்றி ஆட்களை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் கைகளால் மலம் அள்ளும் பணிக்கு அமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் தடை செய்கிறது. அதன் விதிகளில் தரப்பட்ட பாதுகாப்புப் பொருள் பட்டியலில் மூச்சுக்கருவி, குழாய்வழி மூச்சுக்கருவி, வாயு அளவி, முக்காலி ஆகியன உள்ளன. சாக்கடை இறப்புகளுக்கான இழப்பீட்டை 2014 தீர்ப்பில் 10 இலட்சம் ரூபாயாக நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது.

மூச்சுக்கருவி எல்லா ஆபத்துக்கும் விடையன்று. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தபோது அவர்கள் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கியிருக்கவில்லை, அருகில் உறங்கிக்கொண்டிருந்தனர். மூச்சுக்கருவி நீருக்கடியில் பயன்படுவதும் அன்று. இடுப்புக்கு மேல் கழிவுநீர் நிற்கும் தொட்டியில், நீரை முழுவதும் இறைத்துவிட்டு, காற்றூதியால் குறைந்தது அரை மணி நேரம் காற்றைச் செலுத்தி, மறுபடி அளந்தபிறகே தகட்டைத் தோளில் ஏற்றலாம்.